இரண்டு டியூபைக் கலந்து பூசலாமா?

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு வயது 47. திண்டுக்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாகச் சொரியாசிஸ் இருக்கிறது. இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பெரிய படை, தலையிலும் உண்டு. தோல் டாக்டர் கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் சேர்ந்த ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்தார். 30 கிராம் டியூப். விலை அதிகம் என்பதால் சிக்கனமாகத் தடவினேன், இரண்டரை மாதம் வந்தது. குறைந்த மாதிரி இருந்ததே தவிரப் போகவில்லை. பிறகு மருந்துக் கடையில், “இதிலும் பீட்டாமெத்தசோன்தான், கூடவே சாலிசிலிக் அமிலம் இருக்கு, செதிலை எடுத்துடும்” என்று விலை குறைந்த ஒன்றைக் கொடுத்தார்கள். இப்போது பழைய மருந்தில் புது டியூப் ஒன்று வாங்கி, இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசுகிறேன். தொடை இடுக்கிலும் நெற்றி ஓரத்திலும் கொஞ்சம் வந்திருப்பதால் அங்கேயும் பூசினேன். ஸ்டீராய்டு என்று தாளில் போட்டிருப்பதைப் பார்த்து மனைவி பயப்படுகிறாள். மாமியார் வெட்பாலைத் தைலமே போதும் என்கிறார். கறுப்புத் துணி தைக்கும்போது அதன்மேல் வெள்ளையாகக் கொட்டுகிறது. தட்டிவிட்டுத் தட்டிவிட்டே பொழுது போகிறது. நான் என்ன செய்யட்டும்? (காலையில் விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. அது கத்தரி பிடிக்கிற வேலையால் இருக்கும்.)

பதில்:

வணக்கம். குழைப்பதை இன்று இரவே நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

உங்கள் டாக்டர் எழுதிய மருந்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. பீட்டாமெத்தசோன் டைபுரோப்பியோனேட் என்பது ஸ்டீராய்டு. கால்சிபோட்ரியால் என்பது வைட்டமின் டி-யின் சாயலில் செய்யப்பட்ட மருந்து. இந்தக் கால்சிபோட்ரியால் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. அமிலம் பட்டால் சிதைந்துவிடும். அது காரத்தன்மையில்தான் உறுதியாக நிற்கும். பீட்டாமெத்தசோனுக்கோ லேசான அமிலத்தன்மை வேண்டும். ஒத்துப்போகாத இந்த இரண்டையும் ஒரே டியூபில் அடைப்பதே பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் தண்ணீரே இல்லாத ஆயின்ட்மென்டாகச் செய்து சமாளித்தார்கள். அப்படிப் பக்குவமாகச் செய்த ஒன்றைத்தான் நீங்கள் உள்ளங்கையில் வைத்துச் சாலிசிலிக் அமிலத்தோடு குழைக்கிறீர்கள். கால்சிபோட்ரியால் அங்கேயே செயலிழந்துபோகிறது. எந்தப் பொருளுக்காக அதிக விலை கொடுத்தீர்களோ அது தோலில் படுவதற்கு முன்பே போய்விட்டது. மிச்சம் இருப்பது ஸ்டீராய்டு மட்டும். எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

கடைக்காரர் கொடுத்தது மோசமான மருந்து என்று சொல்ல வரவில்லை. செதில் தடித்துப்போய், மேலே பூசுகிற எதுவும் உள்ளே இறங்காத நிலையில், சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்பை முதல் சில நாட்களுக்கு நாங்களே எழுதுவோம். செதில் உதிர்ந்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததை ஆரம்பிப்போம். முன்பின்னாக இரண்டையும் பயன்படுத்தலாம், ஒன்றாகக் கூடாது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த டாக்டர். ஸ்டீராய்டு களிம்புகள் பல 2018-இல் ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் வந்தன. அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறை என்ன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொன்று, நம் ஊரில் “படை” என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். சொரியாசிஸும் படை, பூஞ்சையால் வருகிற வட்டப்படையும் படை. கடையில் போய் “படைக்கு ஏதாவது கொடுங்க” என்றால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த டியூப் கைக்கு வரும். சொரியாசிஸுக்கு அதில் பாதி வேண்டாதது. பூஞ்சைப் படைக்கு அதிலுள்ள ஸ்டீராய்டு எரிகிற அடுப்பில் நெய் ஊற்றிய கதைதான். வாங்கும்போது வியாதியின் பெயரைச் சொல்லாதீர்கள், சீட்டைக் காட்டுங்கள். டியூபின் மேல் கால்சிபோட்ரியால், பீட்டாமெத்தசோன் என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். வேறு கம்பெனியின் தயாரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது அதுவாக இருக்க வேண்டும்.

சரி, கலப்பதற்கு முன்னால், முதல் டியூபை மட்டும் பூசிய அந்த இரண்டரை மாதத்தில் ஏன் போகவில்லை? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: “சிக்கனமாகத் தடவினேன்.”

தோல் மருந்துக்கு ஒரு அளவு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை டியூபைப் பிதுக்கி ஒரு கோடு போட்டால் அது ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். உள்ளங்கை என்றால் விரல்களையும் சேர்த்து. ஒரு உள்ளங்கை உங்கள் உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம்.

நீங்கள் தையல்காரர், இதை என்னைவிடச் சுத்தமாகச் செய்வீர்கள். பழைய நியூஸ் பேப்பரில் கையை வைத்து, விரல்களைச் சேர்த்துச் சுற்றிலும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் பேட்டர்ன். அதைப் படைகளின் மேல் வைத்துப் பாருங்கள், முதுகுக்கு மனைவியை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்து நான் ஒரு கணக்குப் போடுகிறேன். முழங்கைக்கு ஒன்று வீதம் இரண்டு. முழங்காலுக்கு ஒன்றரை வீதம் மூன்று. முதுகில் மூன்று. மொத்தம் எட்டு உள்ளங்கை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நான்கு விரல்நுனி அளவு மருந்து, அதாவது ஒரு நாளைக்கு 2 கிராம். 30 கிராம் டியூப் பதினைந்தே நாளில் தீர்ந்துபோக வேண்டும். உங்களுக்கு அது 75 நாள் வந்திருக்கிறது. தினமும் பூச வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் பூசியிருக்கிறீர்கள். ஐந்து மீட்டர் துணி கேட்கிற இடத்தில் ஒரு மீட்டரைக் கொடுத்துவிட்டு, தைத்தது உடம்புக்குச் சேரவில்லை என்றால் எப்படி?

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், முதுகும் காலும் முழுக்கப் படை இருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு டியூபை எழுதிக் கொடுத்து “தினம் ஒரு வேளை மெல்லிசாப் பூசுங்கம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தார், படை அப்படியே இருந்தது. மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டி, மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதப் போனேன். அவர் பையிலிருந்து டியூபை எடுத்து மேசைமேல் வைத்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது. “மெல்லிசாப் பூசச் சொன்னீங்களே டாக்டர்” என்றார். அன்றிலிருந்து “மெல்லிசாக” என்ற வார்த்தையை நான் உபயோகிப்பதில்லை. எத்தனை விரல்நுனி, எத்தனை நாளில் டியூப் தீர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

நீங்களும் டியூபைத் திறக்கிற அன்று அதன் முதுகில் தேதியை எழுதி வையுங்கள். டியூபின் வாய் சிலதில் குறுகலாக இருக்கும், விரல்நுனிக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும். தேதி பொய் சொல்லாது. பதினைந்தாம் நாள் பக்கத்தில் தீர்ந்தால் சரியாகப் பூசுகிறீர்கள். நான்கு வாரத்துக்கு இரண்டு டியூப் ஆகும். செலவு உறைக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு டியூபை இரண்டரை மாதம் இழுத்துவிட்டு, இன்னொன்றை அமிலத்தில் கரைத்ததற்கு ஆன செலவும் அதேதான்.

இப்போது மனைவியின் பயம். நியாயமான பயம்தான், பாதி அளவுக்கு. பீட்டாமெத்தசோன் வலிமையான ஸ்டீராய்டு. மாதக்கணக்கில், நிறுத்தாமல், கண்ட இடத்திலும் பூசினால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலியும், நரம்பு தெரியும், வரிவரியாகக் கோடு விழும், மயிர்க்கால்களில் கொப்புளம் வரும். அந்தக் கோடுகள் ஒருமுறை விழுந்தால் போவதில்லை. ஆனால் சொரியாசிஸ் தடிப்பின்மேல், கணக்கான அளவில், நான்கு வாரம் பூசுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தோலின் அடியில் பிறக்கிற செல் மேலே ஏறி உதிர்வதற்குச் சாதாரணமாக நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸில் அந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. பக்குவப்படாத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நிற்பதுதான் நீங்கள் கறுப்புத் துணியிலிருந்து தட்டிவிடுகிற வெள்ளை. நோய் எதிர்ப்புச் செல்கள் தோலுக்குள் வந்து கிளப்பிவிடும் அழற்சிதான் இந்த அவசரத்துக்குக் காரணம். ஸ்டீராய்டு அந்த அழற்சியைச் சட்டென்று அடக்கும். கால்சிபோட்ரியால் செல்களின் அவசரத்தைக் குறைத்து, அவை ஒழுங்காக முதிர்ந்து மேலே வரும்படி பார்த்துக்கொள்ளும். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும், தனியாகப் பூசினால் சிலருக்கு எரியும். அந்த எரிச்சலை ஸ்டீராய்டு அடக்குகிறது. ஸ்டீராய்டு தேவைப்படும் காலத்தைக் கால்சிபோட்ரியால் குறைக்கிறது. ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கிற ஜோடி. நான்கு வாரம் தினமும் ஒருவேளை ஒழுங்காகப் பூசினால், ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் படை முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ அடங்கிவிடுகிறது. மீதிப் பேரிலும் பலருக்கு நல்ல குறைவு தெரியும்.

வைட்டமின் டி-க்கும் சொரியாசிஸுக்கும் உறவு இருப்பது தெரியவந்ததே தற்செயலாகத்தான். எலும்புத் தேய்மானத்துக்காக ஒரு நோயாளிக்கு வைட்டமின் டி வகை மருந்து கொடுத்தார்கள். கூடவே இருந்த சொரியாசிஸ் மளமளவென்று மறைந்தது. 1985-இல் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து மருத்துவர்கள் இதை எழுதினார்கள். எலும்புக்குக் கொடுத்தது தோலில் வேலை செய்தது. அதற்காக யாரும் வைட்டமின் டி மாத்திரையை அள்ளி விழுங்க வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். இந்தக் களிம்பிலும் அந்தச் சங்கடம் உண்டு, அதனால்தான் ஒரு நாளைக்கு 15 கிராம், வாரத்துக்கு 100 கிராம், உடம்பில் 30 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் 2 கிராம் அந்தப் பக்கமே போகாது. சிறுநீரகக் கோளாறோ கால்சியம் சம்பந்தமான தொந்தரவோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பூசுவதற்கு இரவுதான் தோது. ஆயின்ட்மென்ட் பிசுபிசுவென்று இருக்கும், பகலில் பூசினால் வாடிக்கையாளர் துணியில் கறை பிடிக்கும். தவிர, கால்சிபோட்ரியாலுக்கு வெயிலும் ஆகாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் அதைக் கெடுத்துவிடும். ஒளிச் சிகிச்சை எடுக்கிறவர்கள்கூட அதை முடித்த பிறகுதான் இதைப் பூச வேண்டும். சாயங்காலம் குளித்து, ஒற்றித் துடைத்து, படுக்கப் போகும்போது தடிப்பின்மேல் மட்டும் வைத்து மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சுற்றியிருக்கிற நல்ல தோலுக்கு வேண்டாம். பழைய முழுக்கைப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டாதீர்கள், மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். பூசி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையோடு கண்ணைக் கசக்குகிறவர்கள் நிறையப் பேர். முதல் வாரத்தில் லேசாக எரியலாம், பெரும்பாலும் தானே அடங்கும்.

குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். செதிலைச் சுரண்டினால் அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு, தோல் எங்கே காயப்படுகிறதோ உரசுகிறதோ அங்கே புதிதாகப் படை கிளம்பும். உங்கள் முழங்கைப் படை எட்டு வருடமாக அடங்காததில் தையல் மெஷின் பலகைக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். முழங்கை ஊன்றுகிற இடத்தில் நாலாக மடித்த பருத்தித் துணியோ ஸ்பாஞ்சோ போட்டுப் பாருங்கள். செதிலை இளக்க வேண்டுமென்றால் காலையில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசி ஊறவிட்டாலே போதும்.

எப்போது நிறுத்துவது? இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். மேடு இல்லை, சொரசொரப்பு இல்லை, பக்கத்துத் தோல் மாதிரியே வழவழப்பாக இருக்கிறது என்றால் படை அடங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் அங்கே கறுப்பாகவோ வெளிறியோ ஒரு திட்டு தெரியும். அது வியாதி இல்லை, வியாதி இருந்துவிட்டுப் போன தடம். நம்முடைய மாநிறத் தோலில் இந்தத் தடம் அழுத்தமாகவே விழும், மறைய மாதங்கள் ஆகும். “இன்னும் போகலையே” என்று அந்தத் தடத்தின்மேல் ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் தோல் மெலிகிறது. நிறத்தைப் பார்க்காதீர்கள், விரலை நம்புங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் போய் டாக்டரைப் பாருங்கள். அடங்கியிருந்தால் அதோடு கதை முடிந்தது என்று யாரும் சொல்லப் போவதில்லை. சொரியாசிஸ் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரிக் கூடவே இருக்கிற வியாதி. அடக்கி வைக்கலாம், வேரோடு பிடுங்க முடியாது. திரும்பி வந்த பிறகு ஓடுவதைவிட, படை இருந்த இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசி வருவது ஒரு வழி. இதே ஜோடி மருந்தை நுரை வடிவில் ஒரு வருடம் அப்படிப் பூசிப் பார்த்த ஆய்வில், மருந்தில்லாத நுரையைப் பூசியவர்களுக்குச் சராசரியாக 30 நாளில் படை திரும்பியது, மருந்தைப் பூசியவர்களுக்கு 56 நாள் தாக்குப்பிடித்தது. உங்கள் டாக்டர் ஒத்துக்கொண்டால் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. மற்ற நாட்களில் வெறும் எண்ணெயோ வாஸ்லினோ போதும். நான்கு வாரம் சரியான அளவில் பூசியும் அசையவில்லை என்றால், அப்போதுதான் மருந்து கேட்கவில்லை என்று பேச முடியும். அடுத்த படியாக ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று வழிகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவையும் மறந்துவிடாதீர்கள்.

ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. “ஒரு ஊசி போட்டா ஒரே வாரத்துல உதிர்ந்துடும்” என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் உடம்புக்குள் போகிற ஸ்டீராய்டு. உதிரத்தான் செய்யும். அதன் வேகம் குறையும்போது, படை முன்னைவிடப் பரவி, சிலருக்கு உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டிய நிலை வரும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொடை இடுக்குக்கும் நெற்றிக்கும் இந்த மருந்து வேண்டாம். முகம், அக்குள், தொடை இடுக்கு மூன்றும் மெல்லிய தோல், ஸ்டீராய்டு அங்கே சுலபமாக உள்ளே போய்விடும். அந்த இடங்களுக்குச் சாதுவான ஸ்டீராய்டைக் கொஞ்ச நாளைக்கோ, ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்போ கொடுப்பது வழக்கம். அதைவிட முக்கியம், இடுக்கில் இருப்பது சொரியாசிஸ்தானா என்பதே எனக்குச் சந்தேகம். ஸ்டீராய்டு படப்படப் பூஞ்சைப் படை பரவும். ஓரம் மட்டும் வட்டமாகச் சிவந்து, நடுவில் வெளுத்து, அரிப்பு பிடுங்குகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அங்கேயே தெரிந்துவிடும். டாக்டரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். இதைக் காட்டாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

தலைக்கு ஆயின்ட்மென்ட் பூசி அவதிப்பட வேண்டாம். அதே ஜோடி ஜெல்லாகவோ லோஷனாகவோ எழுதித் தரச் சொல்லுங்கள். முடியை வகிர்ந்து பிரித்து, முடியில் படாமல் தோலில் படும்படி இரவில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் கழுவும்போது ஜெல் பிசுபிசுப்பு போகவில்லை என்று எல்லோரும் புலம்புவார்கள். தலையை நனைப்பதற்கு முன்னாலேயே, காய்ந்த முடியில் ஷாம்பூவைத் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள், போய்விடும். பொடுகு ஷாம்பூ சிலவற்றிலும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. லேபிளைப் பாருங்கள்; இருந்தால் இந்த மருந்து பூசுகிற வாரங்களில் மைல்டான வேறு ஷாம்பூவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாமியாரின் வெட்பாலைத் தைலத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறத்துக்கு மாறுமே, அது என் நோயாளிகள் பலர் வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. எண்ணெய்ப் பசை செதிலை இளக்கும், வறட்சியைக் குறைக்கும், எரியாமல் இருந்தால் காலையில் பூசிக்கொள்ளுங்கள். இரவு மருந்தின்மேல் மட்டும் வேண்டாம். தைலம் பூசிய நாளில் மருந்து தேவையில்லை என்று விட்டுவிடவும் கூடாது. நான் பயப்படுவது தைலத்துக்கு இல்லை. லேபிள் இல்லாமல், உள்ளே என்ன என்று சொல்லாமல், “மூலிகை” என்று டப்பாவில் அடைத்துக் கொடுக்கிற களிம்புக்குத்தான்.

இது ஒட்டாது என்பதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எட்டு வருடத்தில் மனைவிக்கு வரவில்லை என்பதே சாட்சி. கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்: துணியில் விழுகிற செதிலால் யாருக்கும் எதுவும் வராது.

இனி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய கடைசி வரி. உங்கள் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். சொரியாசிஸ் இருப்பவர்களில் சிலருக்கு அதே அழற்சி மூட்டுகளுக்கும் போகும். காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுத்து, வேலை செய்யச் செய்ய இளகினால் அது கத்தரி பிடித்த வலி இல்லை. வேலையால் வருகிற வலி சாயங்காலம் அதிகமாகும், காலையில் குறையும். ஏதாவது ஒரு விரல் முழுவதும் உருண்டு வீங்குகிறதா, குதிகாலில் முதல் அடி வைக்கும்போது வலிக்கிறதா, நகங்களில் தையல் விரலுறையின் மேல் இருக்குமே, அந்த மாதிரிக் குழிகுழியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். களிம்பு மூட்டுக்குள் போகாது. மூட்டைத் தாமதமாகக் கவனித்தால் எலும்பு அரிக்கும், அரித்தது திரும்ப வளராது, உங்கள் தொழிலே அந்த விரல்களில்தான் இருக்கிறது.

போகும் நாள் வரைக்கும், அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் இரண்டு நேரத்தைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குக் கத்தரியைச் சரளமாகப் பிடிக்க முடிந்தது. டியூபோடு அந்த நோட்டையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.